அத்தியாயம் 6: லீக்கில் யாருக்கு எந்த இடம்?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் வேப்பம்பட்டில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் அதோடு நின்றுவிடும். ஆட்டம் நடக்கும் காலி மனைகளில் தண்ணீர் தேங்கி, ஸ்டம்பு நட்ட இடம் எதுவென்று கூடத் தெரியாது. அந்த நாட்களுக்காகத்தான் இந்த நூலில் புக் கிரிக்கெட் லீக்கைச் சொல்லிவருகிறோம். எட்டு அணிகளுக்கு மின்ரயில் தடத்து ஊர்களின் பெயர் வைத்தாயிற்று: அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, புட்லூர். ஏலம் போட்டு வீரர்களையும் எடுத்தாயிற்று. ஒவ்வோர் அணியும் மற்ற ஏழு அணிகளோடும் ஒரு முறை மோதினால் மொத்தம் 28 ஆட்டம். அதற்குப் பிறகு எழும் கேள்வி ஒன்றுதான்: எந்த அணி எந்த இடம்?

பள்ளிக்கூட நாட்களில் இதற்கு யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. அதிகம் ஜெயித்தவன் முதலிடம், சமமாக வந்தால் சண்டை. ஒரு லீக்கைப் பல சீசன் தொடர்ந்து நடத்த விரும்பினால் அது போதாது. அமெரிக்காவில் பேஸ்பால் ரசிகர்கள் பகடையும் அட்டையும் வைத்துக்கொண்டு இதே வேலையைப் பல தலைமுறையாகச் செய்துவருகிறார்கள். அங்கே 'ஏ.பி.பி.ஏ.' என்ற மேசை விளையாட்டு 1951-லும், 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்' 1961-லும் வந்தன. உண்மையான ஆட்டக்காரர்களின் புள்ளிவிவரத்தை அட்டையில் ஏற்றி, பகடை உருட்டி ஒரு முழு சீசனையே வீட்டுக்குள் ஆடிவிடலாம். அணிகளை எடைபோடுவதற்குப் பேஸ்பால்காரர்கள் கண்டுபிடித்த கணக்குகளில் ஒன்றை நாமும் எடுத்துக்கொள்ளப் போகிறோம்.

அதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். லீக்குக்கு ஒரு பட்டியல் போதாது, இரண்டு வேண்டும். யார் என்ன சாதித்தார்கள் என்று சொல்வது பாயின்ட்ஸ் டேபிள். கோப்பை அதன்படிதான் போக வேண்டும். எந்த அணி உண்மையில் வலுவானது என்று சொல்வது வலு வரிசை. அடுத்த சீசன் ஏலத்தில் யாருக்கு எவ்வளவு பணம் கொடுப்பது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் லீக்குகள்தான் இரண்டாவது சீசனைப் பார்க்காமலே கலைந்துபோகின்றன.

அதிர்ஷ்டம் எவ்வளவு தூரம் இழுக்கும்?

நம் ஆட்டத்தின் விதியை ஒரு முறை நினைவுபடுத்திக்கொள்வோம். புத்தகத்தைக் கண்மூடித் திறக்கிறோம். இடது பக்க எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்க்கிறோம். இடது பக்கம் எப்போதும் இரட்டைப்படைதான். 2, 4, 6 வந்தால் அத்தனை ரன். 8 வந்தால் ஒரு ரன். 0 வந்தால் அவுட். ஊருக்கு ஊர், வகுப்புக்கு வகுப்பு இது மாறும். இந்த நூல் முழுக்க நாம் பின்பற்றுவது இந்த விதியை.

ஐந்து இலக்கமும் சம வாய்ப்போடு வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து முறைக்கு ஒரு முறை அவுட். அதாவது ஒரு விக்கெட் விழுவதற்குள் சராசரியாக நான்கு முறை ரன் வரும். அந்த ரன்களின் சராசரி 2, 4, 6, 1 ஆகியவற்றைக் கூட்டி நாலால் வகுத்தால் 3.25. ஆக, விக்கெட்டுக்கு 13 ரன், பத்து விக்கெட்டுக்கு 130. நம் லீக்கின் சராசரி ஸ்கோர் இதுதான்.

ஆனால் எல்லா இன்னிங்ஸும் 130-ஐச் சுற்றியே வராது. கணக்குப் போட்டால் திட்ட விலக்கம் ஏறக்குறைய 48 வருகிறது. மூன்றில் இரண்டு இன்னிங்ஸ் 80-க்கும் 180-க்கும் நடுவில் விழும். மீதி அதற்கும் வெளியே. எந்தத் திறமை வித்தியாசமும் இல்லாமல், ஒரே புத்தகத்தை ஒரே கை திறந்தாலே இத்தனை ஏற்ற இறக்கம்!

இதன் விளைவைப் பாருங்கள். எட்டு அணிகளும் அச்சு அசலாக ஒரே வலு, ஒவ்வோர் ஆட்டமும் காசு சுண்டுவது மாதிரி என்றே வைத்துக்கொள்வோம். ஏழு ஆட்டத்தில் ஓர் அணி ஐந்தோ அதற்கு மேலோ ஜெயிக்க 128-க்கு 29 வாய்ப்பு. எட்டு அணி இருப்பதால், சராசரியாக ஏறக்குறைய இரண்டு அணிகள் ஐந்து வெற்றியைத் தொட்டுவிடும். அதேபோல இரண்டு அணிகள் இரண்டு வெற்றியைத் தாண்டாது. முதலிடத்து அணியின் சொந்தக்காரர் ஏலத்தில் தான் காட்டிய சாமர்த்தியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். கடைசி இடத்துக்காரர் முகம் தொங்கிப்போயிருக்கும். நடந்ததெல்லாம் பக்கம் திறந்த விதம் மட்டுமே.

இப்போது ஒரே ஒரு வித்தியாசத்தைச் சேர்ப்போம். ஓர் அணியில் லைஃப் உள்ள ஒரு வீரர் இருக்கிறார். அவர் அவுட்டானால் முதல் முறை கணக்கில் வராது. அந்த அணியின் சராசரி ஸ்கோர் 143 ஆகும். சாதாரண அணியை அது நூற்றுக்கு 57 முறை போல வெல்லும். நான்கு சீசன் சேர்த்து 28 ஆட்டம் ஆடினால் 16 வெற்றி எதிர்பார்க்கலாம்; சாதாரண அணிக்கு 14. வித்தியாசம் வெறும் இரண்டு. ஆனால் 28 ஆட்டத்தில் அதிர்ஷ்டம் மட்டுமே இரண்டரை வெற்றிக்கு மேல் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இழுத்துவிடும். வெற்றிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், அந்த லைஃப் வேலை செய்கிறதா இல்லையா என்பது நான்கு சீசன் ஆனாலும் தெரியவே தெரியாது. ரன் கணக்கில் அது சீக்கிரம் தெரியும்: 28 இன்னிங்ஸின் சராசரியில் அதிர்ஷ்டத்தின் ஆட்டம் 9 ரன் அளவுக்குச் சுருங்கிவிடும், லைஃப் தரும் கூடுதலோ 13 ரன். வலு வரிசையை ரன்னிலிருந்து கட்ட வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்றும் கவனியுங்கள். மேலே சொன்ன கணக்கெல்லாம் புத்தகம் நேர்மையாகத் திறந்தால் மட்டும்தான். அடிக்கடி புரட்டிய பாடப்புத்தகம் நேர்மையாகத் திறக்காது. முதுகு உடைந்த பக்கத்தில் தானாகப் போய் நிற்கும். கணக்குப் புத்தகம் என்றால் சூத்திரப் பட்டியல் இருக்கும் பக்கம், நோட்ஸ் என்றால் ஐந்து மதிப்பெண் கேள்வி இருக்கும் பக்கம். லீக் தொடங்கும் முன் புத்தகத்தை நூறு முறை திறந்து, ஐந்து இலக்கமும் இருபது இருபது முறைக்குப் பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள். ஏதாவது ஓர் இலக்கம் முப்பத்தைந்தைத் தாண்டினால் அந்தப் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிடுங்கள். பத்து முகப் பகடை கிடைத்தால் இன்னும் உத்தமம்; ஒற்றைப்படை விழுந்தால் மறுபடி உருட்டினால் போதும்.

சமமாக வந்தால்: ஈவு

பாயின்ட்ஸ் டேபிளில் வெற்றிக்கு 2, டைக்கு 1. இதில் விவாதத்துக்கு ஒன்றுமில்லை. விவாதம் தொடங்குவது இரண்டு அணிகள் சம புள்ளியில் நிற்கும்போது. பலரும் உடனே கை வைப்பது ரன் வித்தியாசத்தில்: எடுத்த ரன்னிலிருந்து கொடுத்த ரன்னைக் கழி. நம் ஆட்டத்துக்கு அது பொருந்தாது. ஏன் என்று ஒரு மாதிரிக் கணக்கில் பார்க்கலாம்.

வேப்பம்பட்டும் புட்லூரும் ஏழு ஆட்டத்தில் தலா நான்கு வெற்றி. புட்லூர் எடுத்தது 948 ரன், இழந்தது 70 விக்கெட். கொடுத்தது 861 ரன், வீழ்த்தியது 70 விக்கெட். வேப்பம்பட்டு எடுத்தது 903 ரன், இழந்தது 62 விக்கெட். கொடுத்தது 826 ரன், வீழ்த்தியது 67 விக்கெட். வெறும் ரன் வித்தியாசம் புட்லூருக்கு 87, வேப்பம்பட்டுக்கு 77. புட்லூர் முந்துகிறது.

இப்போது விக்கெட் நெடுவரிசையைப் பாருங்கள். புட்லூர் தன் நான்கு வெற்றியையும் முதலில் ஆடி எடுத்தது. ஒவ்வொரு முறையும் பத்து விக்கெட்டையும் முழுதாகச் செலவழித்தது. வேப்பம்பட்டு மூன்று ஆட்டங்களில் துரத்தி ஜெயித்தது. இலக்கைத் தொட்டதும் ஆட்டம் முடிந்துவிட்டது. கையில் மீதமிருந்த எட்டு விக்கெட்டுக்கு ரன் எடுக்க வாய்ப்பே கிடைக்கவில்லை. நன்றாகத் துரத்திய அணியை அதற்காகவே தண்டிப்பது நியாயமில்லை.

ஆகவே விக்கெட்டுக்கு எத்தனை ரன் என்று பார்க்க வேண்டும். வேப்பம்பட்டு எடுத்தது விக்கெட்டுக்கு 14.56, கொடுத்தது 12.33, முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.181. புட்லூர் எடுத்தது 13.54, கொடுத்தது 12.30, வகுத்தால் 1.101. வேப்பம்பட்டு மேலே. இதற்குப் பெயர் ஈவு. இது நாம் கைக்கு வந்தபடி செய்துகொண்ட கணக்கு அல்ல. ரஞ்சி டிராபியில் புள்ளிகள் சமமாகும்போது அணிகளைப் பிரிக்க இதே ஈவைத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஓவர் எல்லை இல்லாத ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் கிடையாது.

"ரெண்டு பேரும் நேருக்கு நேர் மோதினதுல யார் ஜெயிச்சாங்களோ அவங்களுக்கே குடுத்துடலாம்" என்று ஒரு தம்பி கட்டாயம் சொல்வார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே ஓர் ஆட்டத்தில் அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு என்று மேலே பார்த்தோம். ஏழு ஆட்டத்தின் சாட்சியைத் தள்ளிவிட்டு ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வது சரியல்ல. தவிர, ஆவடி பட்டாபிராமை வென்று, பட்டாபிராம் நெமிலிச்சேரியை வென்று, நெமிலிச்சேரி ஆவடியை வென்றிருந்தால் நேருக்கு நேர் விதி அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். ஈவுதான் முதல் பிரிப்பான். ஈவும் சமமானால் மட்டும் நேருக்கு நேர்.

ஓவர் வைத்து ஆடுபவர்களுக்கு

சில வீடுகளில் பத்து ஓவர், அதாவது இன்னிங்ஸுக்கு அறுபது முறை புத்தகம் திறப்பது என்று வைத்து ஆடுகிறார்கள். அவர்களுக்கு நெட் ரன் ரேட். எடுத்த மொத்த ரன்னை ஆடிய ஓவரால் வகுத்து, அதிலிருந்து கொடுத்த ரன்னை வீசிய ஓவரால் வகுத்ததைக் கழிக்க வேண்டும். இரண்டு இடத்தில் தப்பு வரும். 13.4 ஓவர் என்றால் பதின்மூன்று ஓவரும் நாலு பந்தும், கால்குலேட்டரில் 13.667 என்று போட வேண்டும். ஓர் அணி ஆல் அவுட் ஆகிவிட்டால், அது எத்தனை ஓவரில் சுருண்டாலும் முழு ஓவரையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இந்த இரண்டாவது விதி எவ்வளவு கடுமையாக அடிக்கும் என்பதற்கு 2019 உலகக் கோப்பையைச் சொல்லலாம். நாட்டிங்காமில் மே 31 அன்று பாகிஸ்தான் 21.4 ஓவரில் 105-க்கு ஆல் அவுட். வெஸ்ட் இண்டீஸ் 13.4 ஓவரில் 108 எடுத்து முடித்தது. பாகிஸ்தானின் ரன்னை ஐம்பது ஓவரால் வகுத்தார்கள்: 2.10. எதிரணிக்கு 7.90. ஒரே ஆட்டத்தில் மைனஸ் 5.80! லீக் முடிவில் பாகிஸ்தானும் நியூசிலாந்தும் தலா ஐந்து வெற்றி, 11 புள்ளி. நேருக்கு நேர் மோதியதில் ஜெயித்தது பாகிஸ்தான். ஆனாலும் அரையிறுதிக்குப் போனது பிளஸ் 0.175 வைத்திருந்த நியூசிலாந்து. பாகிஸ்தானுக்கு மைனஸ் 0.430. முதல் ஆட்டத்தில் வாங்கிய அடி கடைசி ஆட்டம் வரை கூடவே வந்தது.

சென்னைக்காரர்களுக்கு 2024 மே 18 ஐ.பி.எல். ஆட்டம் மறந்திருக்காது. பெங்களூரு 218 எடுத்தது. சென்னை அணி ஜெயிக்கத் தேவை 219. ஆனால் பிளே ஆஃபுக்குப் போக 201 எடுத்தாலே போதும். எடுத்தது 191. இரண்டு அணிக்கும் 14 புள்ளி, பெங்களூருக்கு 0.459, சென்னைக்கு 0.392. பத்து ரன் நம்மை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அன்று மைதானத்திலும் டிவி முன்னாலும் இருந்த அத்தனை பேருக்கும் 201 என்ற எண் தெரிந்திருந்தது. நல்ல லீக்கின் அடையாளமே அதுதான்.

எண் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2023 ஆசியக் கோப்பை காட்டியது. லாகூரில் இலங்கை 291 எடுத்தது. ஆப்கானிஸ்தான் 37.1 ஓவரில் 292 எடுத்தால் அடுத்த சுற்று. 37.1 ஓவர் முடிந்தபோது அவர்கள் 289. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். உண்மையில் 37.4 ஓவருக்குள் 295-ஐத் தொட்டிருந்தாலும் உள்ளே போயிருக்கலாம். ஒரு சிக்சர் போதும். அதை யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. சிக்சருக்குப் போகாமல் தடுத்து ஆடி, 289-க்கே ஆல் அவுட் ஆனார்கள். எதிர்முனையில் ரஷீத் கான் நின்றுகொண்டிருந்தார். உங்கள் லீக்கில் கடைசி நாள் ஆட்டம் தொடங்கும் முன், எந்த அணி எந்த ஓவரில் எத்தனை எடுக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் முழுதாக எழுதி இரண்டு அணியிடமும் கொடுத்துவிடுங்கள். லீக் நடத்துபவரின் கடமை அது.

வலு வரிசை

பில் ஜேம்ஸ் என்ற அமெரிக்கப் பேஸ்பால் எழுத்தாளர் ஓர் எளிய சூத்திரம் சொன்னார். ஓர் அணி எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்த ரன்னின் வர்க்கமும் கொடுத்த ரன்னின் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுத்தால், அந்த அணி எத்தனை பங்கு ஆட்டங்களை ஜெயித்திருக்க வேண்டும் என்பது வரும். பார்ப்பதற்குப் பிதாகரஸ் தேற்றம் போல இருப்பதால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 2001-ல் சியாட்டில் மரைனர்ஸ் அணி 927 ரன் எடுத்து 627 கொடுத்தது. சூத்திரப்படி 162 ஆட்டத்தில் 111 வெற்றி. நிஜத்தில் ஜெயித்தது 116. மாபெரும் அணிதான், ஆனாலும் அந்த ஐந்து வெற்றி மேல்வரும்படி.

பேஸ்பாலுக்கு வர்க்கம் சரி. நம் புக் கிரிக்கெட்டின் சராசரி 130, விலக்கம் 48 என்பதற்கு மும்மடி பொருந்துகிறது. ரன்னுக்குப் பதில் ஈவைப் போட்டால் இன்னும் சுலபம்: ஈவை மும்மடியாக்கி, அதையே அதோடு ஒன்றைக் கூட்டியதால் வகுக்க வேண்டும். வேப்பம்பட்டின் ஈவு 1.181, மும்மடி 1.647; அதை 2.647-ஆல் வகுத்தால் 0.622. ஏழு ஆட்டத்துக்கு 4.4 வெற்றி. நிஜத்தில் 4. புட்லூருக்கு 4.0, நிஜமும் 4. இரண்டும் தங்கள் தகுதிக்கு ஏற்ற இடத்தில்தான் இருக்கின்றன.

ஆவடியைப் பாருங்கள். ஆறு வெற்றி, முதலிடம். ஈவு வெறும் 1.03. சூத்திரம் தருவது 3.7 வெற்றி. ஒரு ரன்னிலும் ஒரு விக்கெட்டிலும் தப்பித்துத் தப்பித்து ஜெயித்திருக்கிறது. கோப்பை ஆவடிக்குத்தான், அதில் எவரும் கை வைக்கக் கூடாது, ஜெயித்தது ஜெயித்ததுதான். ஆனால் வலு வரிசையில் ஆவடிக்கு மேலே வேப்பம்பட்டும் புட்லூரும் வரும். அடுத்த ஏலத்தில் ஆவடியிடம் பணத்தைக் குறைத்து, பலவீனமான அணிகளுக்குக் கூட்டிக் கொடுக்கலாம் என்று யாராவது கிளம்பினால், இந்த எண்ணைக் காட்டி நிறுத்துங்கள். குறைக்க வேண்டியது வேப்பம்பட்டுக்கு. ஏழு ஆட்டம் மட்டுமே ஆடிய சீசனில் இந்த வரிசையும் கல்வெட்டு இல்லை என்பதை மறக்க வேண்டாம். முடிந்தால் இரண்டு சீசன் எண்களைச் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

அரையாண்டுத் தேர்வு வந்து லீக் பாதியில் நின்றுவிட்டால் புள்ளிகளை வைத்து வரிசை போடாதீர்கள். ஓர் அணி ஐந்து ஆட்டம், இன்னொன்று ஏழு ஆட்டம் ஆடியிருக்கும். கிடைத்த புள்ளியை ஆடிய ஆட்டத்தால் வகுத்துப் போடுங்கள். யார் யாரோடு மோதவில்லை என்பதையும் பக்கத்தில் குறித்துவையுங்கள்.

நோட்டு எழுதுவது

நீள நோட்டு ஒன்று வாங்கி, ஓர் ஆட்டத்துக்கு ஒரு வரி. தேதி, முதலில் ஆடிய அணி, ரன், விக்கெட், இரண்டாவது ஆடிய அணி, ரன், விக்கெட், முடிவு. துரத்தி ஜெயித்த அணி எத்தனை விக்கெட் இழந்தது என்பதைத்தான் பிள்ளைகள் எழுத மறப்பார்கள். அது இல்லாவிட்டால் ஈவு போட முடியாது. 28 ஆட்டமும் முடிந்ததும் மூன்று சரிபார்ப்பு: வெற்றிகளையும் டைகளையும் சேர்த்தால் 28 ஆட்டத்துக்கும் கணக்கு வர வேண்டும். எட்டு அணிகளும் எடுத்த ரன்னின் கூட்டுத்தொகையும், எட்டு அணிகளும் கொடுத்த ரன்னின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். இழந்த விக்கெட்டும் வீழ்த்திய விக்கெட்டும் அப்படியே. எங்காவது ஒன்று இடித்தால் ஏதோ ஒரு வரி தப்பு. அதைக் கண்டுபிடிக்காமல் பட்டியலை வெளியிடாதீர்கள்.

புள்ளி, ஈவு, நேருக்கு நேர் என்ற வரிசையை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, முதல் ஆட்டத்துக்கு முன்பே எட்டுப் பேரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இறுதிப் பட்டியலைச் சுவரில் ஒட்டும்போது 28 ஆட்டங்களின் ஸ்கோரையும் அதன் கீழேயே ஒட்டுங்கள். சந்தேகம் இருப்பவர் யாராக இருந்தாலும் அவரே கூட்டிப் பார்த்துக்கொள்ளட்டும்.